பாறை என்று சொன்ன இடம்

தேன்கல் எஸ்டேட், கீழ் கோத்தகிரி
8 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வாசுகி எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் நடமாட்டமாக இருக்கிறோம். அம்மாவின் இடுப்பு வலி மழையோடு வருகிறது, மழையோடு போகிறது. திருப்பூர்ச் சூட்டில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? கம்பெனிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

நேற்று தினகரன் அண்ணன் ஜீப்பை நிறுத்தி உன் முகவரியைக் கொடுத்தார். "ஒங்கண்ணனுக்கு ஒரு கடுதாசி போடு. போனக் குடுத்தா நீ 'ம்'முன்னு மட்டும் சொல்லுவ. அவன் என்னா புரிஞ்சுக்குவான்?" என்றார். ஜீப்பில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் அதற்கும் 'ம்' என்றுதான் சொன்னேன்.

வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவின் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அதில் உன் பெயரை வைத்திருக்கிறாரா, அழித்துவிட்டாரா என்று தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை.

நீ போய் நான்கு வருடம். பொங்கல் கால்பந்து ஆட்டத்தில் நம் தேன்கல் பிரதர்ஸ் வருடா வருடம் தோற்கிறது. மைதானம் போன பிறகு எல்லா ஆட்டமும் ஸ்கூல் கிரவுண்டில்தான். அங்கே போனால் நம் பையன்கள் விருந்துக்குப் போனவர்கள் மாதிரி கூச்சப்படுகிறார்கள். கோலில் உன் இடத்தில் சந்துரு நிற்கிறான். பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறான்.

இந்தப் பொங்கலுக்காவது வீட்டுக்கு வா. அம்மா உன் தட்டையும் சேர்த்துத்தான் கழுவி அடுக்குகிறாள். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். அதுதான் உன் கோபம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வா.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே. பிள்ளைக் காம்பரா, ஷைனா ஆயா என்று போடு. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள கூடலூரிலிருந்து வந்திருக்கும் சேச்சி அவர். யாரிடமும் சொல்லமாட்டார்.

தண்ணீர் நிறையக் குடி.

உன் தங்கை,
வாசுகி


திருப்பூர்
22 ஜூன் 2025

அன்புத் தங்கை வாசுகிக்கு,

அண்ணன் விமல். நான் நன்றாக இருக்கிறேன். இங்கே வெயிலும் பஞ்சுத் தூசியும் சாப்பாட்டிலேயே சேர்த்தி. அம்மாவை மழையில் நனையாமல் இருக்கச் சொல்.

உன் கையெழுத்து எவ்வளவு அழகாகிவிட்டது! பிளஸ் டூ வந்துவிட்டாய் அல்லவா? நம் வீட்டில் முதல் ஆள் நீதான். பக்கத்துக் கட்டில்காரனிடம் உன் கடிதத்தைக் காட்டினேன்.

ஆனால் நான் வரமாட்டேன். அப்போது உனக்குப் பதின்மூன்று வயது. முழுதாகத் தெரிந்திருக்காது. எஸ்டேட்டை வாங்கிய புதுக் கம்பெனி, மைதானம் சும்மா கிடக்கும் நிலம், அங்கே தேயிலை வைக்கப்போகிறோம் என்றது. கிளப்பில் இருந்த எல்லாரும் போய்க் கோல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அப்போது குழிக்கு அளவு பார்க்கும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தது யார்? நம் அப்பா. அதே மைதானத்தில் வருடக்கணக்காகக் கோலுக்கு முன்னால் பேக் ஆடிய காத்தமுத்து. "அந்தக் கயித்த என் கழுத்துல போட்டு இழுங்கப்பா" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர் என்னைத் தாண்டிப் போய் முதல் முளையை அடித்தார். ஒரு வார்த்தை வரவில்லை. அன்று சாயங்காலமே பஸ் ஏறினேன். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும், நான் வருகிறேன்.

இப்போது ஒரு காரியம். மைதானத்தைத் திரும்பக் கேட்டு மனு கொடுக்க தினகரன் அண்ணனும் நானும் பேசியிருக்கிறோம். அது எப்போதிலிருந்து மைதானம், யார் ஆடினார்கள், அங்கே என்னென்ன நடந்தது, எல்லாம் எழுத வேண்டும். படித்த பிள்ளை நீ. நாலு பேரிடம் விசாரித்து எனக்கு எழுதி அனுப்பு. கூச்சப்படாதே.

நன்றாகப் படி.

அண்ணன்,
விமல்


தேன்கல்
13 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவுக்கு இப்போது பரவாயில்லை. உனக்கு இருமல் என்று தினகரன் அண்ணன் சொன்னார். தூசியில் வாயைத் துணியால் கட்டிக்கொள்.

நாலு பேரிடம் விசாரிக்கச் சொல்லிவிட்டாய். எனக்கு ஒருவரிடம் கேட்பதற்கே இத்தனை நாள் ஆகிவிட்டது. ரிட்டயர் ஆன இசக்கியம்மா வீட்டு வாசல் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினேன். கடைசியில் அவரே பிடித்துக்கொண்டார். "என்னாடி, எந்நேரமும் வந்து நின்னுட்டு ஓடுற? வாயில கொழுந்தையா அடச்சு வச்சிருக்க?" என்றார். கேட்டேன்.

அவர்கள் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி, மண்டபம் கேம்ப்பில் கிடந்து, லாரியில் இங்கே வந்து இறங்கியபோது லைன் வீடுகள்கூட முடியவில்லையாம். ஃபாக்டரி கட்டுவதற்காக மலையை வெட்டி ஒரு தட்டு மட்டும் சமன் செய்திருந்தார்களாம். பிறகு ஃபாக்டரி வேறு இடத்துக்குப் போய்விட்டது. "மிசின் வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தோம். பந்துதான் வந்துச்சு" என்றார்.

இலங்கையில் அட்டன் பக்கத்து ஆட்கள் ஒரு லைன், பதுளைப் பக்கத்து ஆட்கள் ஒரு லைன். இருந்தது ஒரு குழாய். யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்று தினமும் குடத்தால் அடித்துக்கொண்டார்களாம். மண்டை உடைந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை பந்து ஆடி ஜெயிக்கிற லைனுக்கு அந்த வாரம் முதல் தண்ணீர் என்று முடிவானது. அப்படித்தான் மைதானம் மைதானமானது. உரச் சாக்கைப் பிரித்து வலை பின்னியது பெண்கள். "எங்களுக்குத்தான தண்ணி வேணும்? அதான் வரிஞ்சுகட்டிக்கிட்டுக் கத்துனோம். அடிச்சுக்கிட்டவனுங்களே பெறகு ஒண்ணாச் சேந்து பிரதர்ஸ்னு பேரு வச்சுக்கிட்டானுங்க, வெக்கங்கெட்டவனுங்க" என்று சிரித்தார்.

நன்றாகப் படி என்று எழுதியிருந்தாய். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

அம்மா உன்னை விசாரித்தாள். அப்பா வேலைக்குப் போய் வருகிறார்.

வாசுகி


திருப்பூர்
27 ஜூலை 2025

அன்புத் தங்கைக்கு,

இருமல் போய்விட்டது. துணி கட்டிக்கொண்டால் சூப்பர்வைசர் என் பேச்சு புரியவில்லை என்கிறார். அதுவும் நல்லதுதான்.

உன் கடிதத்தை உட்கார்ந்து படிக்க முடியவில்லை. எழுந்து நடந்துகொண்டே படித்தேன். குழாய்ச் சண்டை எனக்குத் தெரியவே தெரியாது! அந்த மைதானத்தில் ஆறு வருடம் புரண்டிருக்கிறேன், தண்ணீருக்காகப் பிறந்தது என்று ஒருவரும் சொன்னதில்லை. இது மனுவில் முதல் பாரா.

இன்னும் எழுது. பனிமூட்டத்தில் ஆடுவதற்கான அந்த மூட்டச் சட்டம் எப்படி வந்தது என்று கேள். கோலில் நின்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், எதற்கென்று தெரியாமலே. பெரிய மழை வருடத்தைப் பற்றியும் கேள். இன்னொன்று: பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஒரு நாள் அந்தப் பக்கம் சுற்றி வந்து, இப்போது அங்கே என்ன தெரிகிறது என்று பார்த்து எழுது. கம்பம் நட்ட குழியாவது இருக்கும்.

இத்துடன் ஒரு பேனா அனுப்புகிறேன். பரீட்சைக்கு வைத்துக்கொள்.

விமல்


தேன்கல்
24 ஆகஸ்டு 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பேனா நன்றாக எழுதுகிறது. பார்த்தாயா, இது அந்த மை. எங்களுக்குச் சளி காய்ச்சல் எதுவும் இல்லை. உன் காலில் ஏதோ அடி என்று கேள்விப்பட்டேன். வீங்கியிருந்தால் வெந்நீர் ஒத்தடம் கொடு.

தினகரன் அண்ணன் ஜீப் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டேன். முன்பு ஒரு ஆட்டத்தில் மூட்டம் இறங்கி, கலைந்த பிறகு பார்த்தால் நம் ஆள் ஒருவரைக் காணோமாம். பள்ளத்தில் உருண்டு கால் பிசகிக் கிடந்திருக்கிறார். எல்லாரும் அவர் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே எதிர்ப்பக்கம் தேடிப் போயிருக்கிறார்கள். அவருக்குக் காதில் விழுந்தும் ரோஷத்தில் குரல் கொடுக்கவில்லையாம். அன்றைக்குப் போட்டதுதான் சட்டம். மூட்டம் இறங்கினால் அடுத்தவன் பெயரைக் கூப்பிடக் கூடாது. ஒவ்வொருவனும் தன் பெயரைத்தான் சொல்ல வேண்டும். பந்து கிடைத்தவன் சொல்ல வேண்டும். கோலில் நிற்பவன் விடாமல் சொல்ல வேண்டும். அடுத்தவன் பெயரைச் சொன்னால் வெளியே.

"பள்ளத்துல கெடந்தது யாருண்ணே?" என்றேன்.

"யாரா? ஒங்கப்பன்தான்" என்று என் மேல் தண்ணீர் அடித்தார்.

பெரிய மழை வருடத்தில் கீழ் லைன் சரிந்தபோது, வீடு போனவர்கள் எல்லாரும் மைதானத்தில்தான் படுதா கட்டித் தங்கியிருந்தார்கள். கோல் கம்பத்தில் தூளி கட்டியிருந்தார்களாம். கீழ்ப்பக்க மூலை அந்த மழையில்தான் உள்வாங்கியது. அதற்குப் பிறகு டாஸ் ஜெயித்தவர்கள் எல்லாரும் மேல் கோலையே கேட்டார்கள்.

அப்பாவிடமும் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "மைதானத்துல இப்ப என்னாப்பா இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். "அங்கன பாறை இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அந்தப் பக்கம் போய்ப் பார்ப்பதைப் பற்றி எழுதியிருந்தாய். இங்கே மழை விடவில்லை.

வாசுகி


திருப்பூர்
14 செப்டம்பர் 2025

வாசுகிக்கு,

கால் சரியாகிவிட்டது. எல்லாரும் நலமாக இருங்கள்.

சட்டத்துக்குக் காரணம் அப்பாவா! படித்ததும் சத்தம் போட்டுச் சிரித்தேன். அதற்கு அடுத்த வரியில் சிரிப்பு போய்விட்டது. பாறையா? மழையிலும் வெயிலிலும் அந்த மண்ணில் பாய்ந்து விழுந்தவன் நான். முட்டி தேய்ந்திருக்கிறது, ஒரு கல் குத்தியது கிடையாது. மைதானத்தைக் கொடுத்தது போதாது, அதன் மேல் பொய்யும் சொல்ல வேண்டுமா? இனி அவரிடம் எதுவும் கேட்காதே.

மனுவை அனுப்பிவிட்டோம். உன் பெயரைப் போடவில்லை, ஆனால் பாதி உன் எழுத்துதான். தாலுகா ஆபீசிலிருந்து வந்து இடத்தைப் பார்ப்பார்களாம்.

காலாண்டுப் பரீட்சை எப்படி எழுதுகிறாய்? மார்க்கை எழுது.

விமல்


தேன்கல்
19 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தீபாவளிக்கு நீ அனுப்பிய துணி வந்தது. அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ரோட்டில் காரை நிறுத்தி, இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கிப் பார்த்தார்கள். பச்சையாகத் தேயிலை தெரிந்தது. போய்விட்டார்கள். பதில் வந்திருக்கிறது. தினகரன் அண்ணன் வாசித்துக் காட்டினார்: 'மேற்படி நிலம் தேயிலைப் பயிரில் உள்ளது. அவ்விடத்தில் விளையாட்டு மைதானம் இருந்தமைக்கான அடையாளம் ஏதும் காணப்படவில்லை.' ஆதாரம் இருந்தால் தை மாதத்துக்குள் மறுபடி எழுதலாமாம்.

"ஆளுங்க இருக்கோமேடா, நாங்க ஆதாரம் இல்லியா?" என்று இசக்கியம்மா கத்தினார். தினகரன் அண்ணன் காகிதத்தை மடித்து ஜீப் சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டார்.

மார்க் கேட்டிருந்தாய். பிறகு எழுதுகிறேன்.

வாசுகி


திருப்பூர்
2 நவம்பர் 2025

வாசுகிக்கு,

காய்ச்சல் இரண்டு நாள். இப்போது இல்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

ஆதாரம் என்றால் என்ன வேண்டும் அவர்களுக்கு? பழைய போட்டோ எல்லாம் ஆட்களின் முகம்தான். பின்னால் மூட்டம். எந்த மலை என்று நமக்கே தெரியாது. மண்ணில் ஏதாவது இருக்க வேண்டும். கம்பக் குழி, எல்லைக் கல், ஏதாவது. நீ போய்ப் பார்க்கவே இல்லை. நான் ஜூலையிலேயே எழுதிவிட்டேன்.

எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை. கம்பெனி ஒடிசாவில் புது யூனிட் திறக்கிறது. போனால் மூன்று வருடம் அங்கேயிருந்து கிளம்பக் கூடாது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பொங்கலுக்குப் பிறகு ஆள் எடுக்கிறார்கள். மைதானமும் இல்லை, அப்பா வாயும் திறக்கப்போவதில்லை என்றால் நான் அங்கே வருவதற்கு என்ன இருக்கிறது? பெயர் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

நீயாவது படித்து மேலே வா.

விமல்


தேன்கல்
16 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

காய்ச்சல் திரும்பி வரவில்லையே? அம்மாவிடம் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன். ஷைனா சேச்சி, "எந்தாடி மோளே, பேப்பர் தின்னுகயாணோ?" என்று தன் மலையாளத்தில் கேட்டார், பேப்பரைத் தின்கிறேனா என்று. இதற்கு மேல் கிழிக்க முடியாது. நீ ஒடிசாவுக்குப் பெயர் கொடுப்பதற்குள் இது வந்து சேர வேண்டும்.

மைதானத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிறேன். நான் பள்ளிக்கூடம் போகவில்லை அண்ணா. ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். நீ போன அடுத்த வருடம் அம்மாவின் இடுப்பு விழுந்துவிட்டது. வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் ஆள் இல்லை. போன வருடத்திலிருந்து தற்காலிக ஆளாகக் கொழுந்து பறிக்கிறேன். மைதானத்தில் வைத்த தேயிலை மலைதான் எங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பிளஸ் டூ என்று நீ எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டும். நீ பக்கத்துக் கட்டில்காரனிடம் காட்டினேன் என்று எழுதியிருந்தாய். அதனால் சொல்லவில்லை.

இப்போது கேள். அந்த மலையில் மூன்று இடத்தில் செடி கிடையாது. நிரை போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று வெற்று மண். பறிக்கிற பெண்கள் அங்கே உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். பாறைத் திட்டு என்பார்கள். செடி வைத்தபோது அடியில் பாறை, குழி இறங்காது என்று அப்பாதான் சொன்னாராம். கயிறு பிடித்த ஆள் பாறை என்று சொல்லிவிட்டால் யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

ஒரு நாள் மழைத்துணியை மாட்டுவதற்காக மட்டக்குச்சியை அங்கே ஊன்றினேன். கொழுந்து மட்டம் பார்க்க நாங்கள் செடி மேல் வைக்கும் குச்சி. சரசரவென்று இறங்கியது. தள்ளி ஊன்றினேன், அங்கேயும் இறங்கியது. பாறையே இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். எனக்கு இரண்டு பக்கமும் இரண்டு சில்வர் ஓக். நிழல் மரங்கள் எல்லாம் வரிசையில் நிற்கும், இவை மட்டும் வரிசையில் இல்லை. நடுவில் நின்று நீ நிற்பது மாதிரி கையை விரித்துப் பார்த்தேன். அது கீழ் கோல் அண்ணா. மேலே போய்ப் பார்த்தேன், அங்கேயும் அதே மாதிரி இரண்டு மரம், அதே வெற்று மண். மூன்றாவது திட்டு நடுவில், பந்து வைத்து ஆட்டம் தொடங்கும் இடத்தில்.

நிழல் மரம் கழிக்கும்போது அந்த நான்கை மட்டும் அப்பா யாரிடமும் விடுவதில்லை. பக்கக் கிளையைச் சுத்தமாக எடுத்துவிடுகிறார். கம்பம் மாதிரி நிற்கின்றன.

அன்றைக்கு அவர் கயிற்றைத் தூக்காவிட்டால் வேறு யாராவது தூக்கியிருப்பார்கள். அங்கே செடிதான் இருந்திருக்கும்.

நீ கேட்ட ஆதாரம் இதுதான். அளந்து பார்த்தால் மைதானம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இதை மனுவில் எழுதாதே. எழுதினால், பாறை என்று பொய் சொன்னது யார் என்று கம்பெனி கேட்கும். அப்பாவுக்கு ரிட்டயர் ஆக இன்னும் சில வருடம் இருக்கிறது. வேலை போனால் இந்த வீடும் போகும். தினகரன் அண்ணனிடம்கூடச் சொல்லாதே. அவருக்கு வாய் நிற்காது.

அப்பா பேசவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். வந்து பார்.

வாசுகி


தேன்கல்
21 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்றாவது எழுது. ஷைனா சேச்சி என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை ஆட்டி இல்லை என்கிறார். நான் கேட்பதற்கு முன்பே.

நீ தினகரன் அண்ணனிடம் போனில் பேசினாயாம். "விமலு ஏதோ ரோசன பண்றான்" என்றார். என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ரோட்டில் கார் நின்றால் அளவு நாடாவோடு யாராவது இறங்குகிறார்களா என்று பார்க்கிறேன். அப்பா வேலையிலிருந்து வரத் தாமதமானால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறேன். "எறும்பு கடிச்சவளாட்டம் என்னாடி அலையுற?" என்று அம்மா திட்டுகிறாள்.

நான் படிக்கவில்லை என்று கோபமா? மைதானம் வேண்டும் என்று கோபமா? எந்தக் கோபம் என்று மட்டும் எழுதினால் போதும்.

அம்மா நலம். அப்பா நலம். இன்றைக்கு வரைக்கும்.

வாசுகி


திருப்பூர்
23 ஜனவரி 2026

அன்புத் தங்கை வாசுகிக்கு,

சௌகரியமாக வந்து சேர்ந்தேன். அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கைப் பக்கத்துக் கட்டில்காரன் தீர்த்துவிட்டான். அம்மாவின் இடுப்புக்கு இங்கே ஒரு தைலம் சொல்கிறார்கள், அனுப்புகிறேன்.

உனக்கு நான் பதில் எழுதாததற்குக் காரணம், எனக்கு எழுத வரவில்லை. இரண்டு கோபமும் இருந்தது. மனுவை எடுத்து, 'நான்கு மரங்கள்' என்று எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன். நீ மட்டும்தான் கிழிப்பாயா? கடைசியில் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று தினகரன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னை நன்றாகத் திட்டினார். தை மாதம் போகிறது. போகட்டும். ஒடிசாவுக்குப் பெயர் கொடுக்கவில்லை.

பொங்கலுக்கு முன்னால் சொல்லாமல் முதல் பஸ்ஸில் வந்தது, நேராக மைதானத்துக்குப் போய் நீ எழுதியது உண்மையா என்று பார்க்கத்தான். வீட்டுக்கு வருவதாக இல்லை. மூட்டம் இறங்கிக் கை தெரியவில்லை. கீழ்ப்பக்கமாக ஏறித் தடவித் தடவி அந்த இரண்டு மரத்தைக் கண்டுபிடித்தேன். நடுவில் நின்றேன். கால் தானாக அகன்றது. மேலே பறிக்கிற பெண்களின் பேச்சு கேட்டது. நான் யோசிக்கவே இல்லை வாசுகி. கோலில் நிற்பவன் மூட்டத்தில் என்ன செய்வானோ அதைச் செய்தேன். என் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பிறகு மேல் கோலிலிருந்து 'காத்தமுத்து' என்று கேட்டது.

அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு.

ஆனால் அதற்குப் பிறகு இன்னொரு குரல் கேட்டது. கூர்மையாக, நடுமைதானத்திலிருந்து. மூட்டத்தில் என்ன பெயர் என்று பிடிபடவில்லை. பெண் குரல். யார் அது? பொங்கல் அன்று வீட்டில் கேட்டேன், அம்மா சிரித்தாள், நீ எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாய். அப்பாவிடம் கேட்டால் வழக்கம்போலத்தான். நீ எழுதத்தான் செய்வாய் என்று தெரியும். எழுது.

பத்தாவது தனியாக எழுதுவதற்கு விசாரித்துவிட்டேன். அதை அடுத்து எழுதுகிறேன்.

விமல்


தேன்கல்
1 பிப்ரவரி 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

தைலம் வந்தது. அம்மா தேய்த்துக்கொண்டு, வீடு முழுக்க வாசம். நீ துணி கட்டிக்கொள்வதை விட்டுவிட்டாயா என்று அப்பா கேட்டார். ஆமாம், அப்பாதான் கேட்டார். நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பொங்கல் ஆட்டம் தோற்றதற்குச் சந்துரு இன்னும் உன்னைத்தான் குறை சொல்கிறான். "நான் கண்ண மூடிக்கிட்டே புடிச்சிருப்பேன், விமலண்ணன் கண்ணத் தொறந்துகிட்டே விட்டுச்சு" என்று ஊரெல்லாம் சொல்கிறான். அப்பா வேலிக்கு வெளியே நின்று கடைசி வரைக்கும் பார்த்ததை நீ கவனித்தாய் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு நீ மூட்டத்துக்குள் இருந்ததால் மேலே நடந்தது உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

அப்பா மேல் கோலுக்குப் பக்கத்தில் மரம் கழித்துக்கொண்டிருந்தார், நான் அடுத்த நிரையில் பறித்துக்கொண்டிருந்தேன். உன் குரல் வந்ததும் எல்லாப் பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "எவன்டா அது, மூட்டத்துல பேரு சொல்றவன்?" என்றாள் ஜோவிதா அக்கா. அப்பா கத்தியைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார். உன் பெயரைத்தான் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அப்படிச் செய்யவில்லை. செருப்பைக் கழற்றினார். இரண்டு மரத்துக்கும் நடுவில் போய் நின்றார். அதற்குப் பிறகுதான் கத்தினார். பள்ளத்தில் கால் பிசகிக் கிடந்த அன்றைக்குச் சொல்லாத பெயரை இந்த மூட்டத்தில் சொன்னார் என்று எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சும்மா நின்றுவிட்டீர்கள். நீ கீழே, அவர் மேலே. நடுவில் ஒன்றுமே தெரியவில்லை. நீ அப்படியே இறங்கிப் போய்விடுவாய் என்று எனக்குப் பயமாகிவிட்டது. நான் நடுத்திட்டுக்கு இறங்கி, பந்து வைக்கும் இடத்தில் போய் நின்றேன். அண்ணா என்று கூப்பிடலாம் என்று பார்த்தேன். சட்டப்படி கூடாது. மூட்டத்தில் அவரவர் பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

ஜோவிதா அக்கா கூடையைக் கீழே போட்டுவிட்டாள். "அடியே, இவளுக்கு வாயி இருக்கு!" என்றாள். இப்போதும் மலைக்குப் போனால் எல்லாரும் என்னை அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேலி செய்கிறார்கள். தொண்டை கொஞ்ச நாள் வலித்தது. இப்போது இல்லை.

நீ கேட்ட பெயரைக் கீழே எழுதியிருக்கிறேன்.

வாசுகி